1850 மீட்டருக்குப் பிறகு

ஆனி பாதி போய்விட்டது.
கல்லணை திறந்து ஆறு நாள்,
தண்ணீர் இன்னும் நீடாமங்கலம் தாண்டவில்லை என்கிறார்கள்.
அதற்குள் வாய்க்காலை அளந்துவிட்டு வரச் சொல்லி
அனுப்பியிருந்தார்கள் எங்களை.
டேப்பின் பூஜ்ய முனை ஜெயசீலியிடம்,
மறுமுனையும் அளவுப் புத்தகமும் என்னிடம்.
வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தோம்.

தலைமதகிலிருந்து வெகுதூரம் ஒன்றுமில்லை.
ஜேசிபியின் பற்கள் வாரிய தடம்,
படிய வாரிய தலைபோலக் கரை.
களிமண் சில்லுச் சில்லாய் எழும்பி
மிதிக்க நொறுங்குகிறது.
"ஒரு தும்பைகூட இல்லையே" என்றாள்.
தூர் வாரினால் அப்படித்தான்.
நல்ல வேலை என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு கருவேல மரம்.
அதன் நிழலில் டீசல் சிந்திய கறுப்பு வட்டம்,
நசுங்கிய தண்ணீர் பாக்கெட்டுகள்,
எந்திரம் திரும்பிப் போன வளைவு.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
பூக்கள் அங்கே தொடங்கின.

முதலில் நெருஞ்சி.
நாலு மணி வெயிலில் அத்தனையும் மேற்கே திரும்பியிருந்தன.
இந்தத் தாலுகாவே பத்து நாளாய்
அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வைகாசியில் பெய்த ஒற்றை மழைக்கு
இவ்வளவா?
நாய்க்கடுகு பிசுபிசுத்து டேப்பில் ஒட்டியது.
கொழுஞ்சி முழங்கால் உயரம்.
இலையிலும் முள்ளோடு கண்டங்கத்திரி,
தொடாதே என்று சொல்லிக்கொண்டே
அப்படியொரு ஊதா.
துத்தி இப்போதுதான் தூங்கி எழுந்து
ஒவ்வொன்றாய் விரிந்துகொண்டிருந்தது.
அதை முழுதாகப் பார்க்கிறவரை
டேப்பை இழுக்கவிடவில்லை ஜெயசீலி.

போன் அடித்தது. ஒப்பந்தக்காரர் வீரசேனன்.
"மேடம், ரெண்டாயிரத்து அறுநூறு வரைக்கும்
சுத்தமா முடிச்சாச்சு. ஒரு கையெழுத்துதான்."
எருக்கம்பூவில் ஒரு கருவண்டு
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.
சரிங்க, பார்க்கிறேன் என்றேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கரைமேல் சைக்கிளை நிறுத்தி ஒருவர் குனிந்தார்,
பக்கிரிசாமி, கடைசி மடைக்காரர்.
நாற்றங்காலை உழுதுபோட்டுக் காத்திருக்கிறாராம்.
"பூப் பார்க்க வந்தீங்களா?"
கிண்டலா, நிஜமாகக் கேட்டாரா, தெரியவில்லை.
ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து
அளக்க வந்தோம் என்றேன்.
"போன வருசம் தண்ணி இந்தக் கருவேலத்தோட நின்னுச்சு.
அதுக்கு முந்தின வருசமும்."
சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு பூக்களை
முன்புபோலப் பார்க்க முடியவில்லை.
அவர் வயலுக்குப் போகாத தண்ணீர்
இங்கே மஞ்சளாகவும் ஊதாவாகவும்
நின்றுகொண்டிருந்தது.
அழகாக இல்லை என்று சொன்னால்
அதுவும் பொய்க்கணக்கு.

ரெண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தில், மதகின்
சிமெண்ட் வெடிப்பில்
நெல்மணி அளவில் ஒரு நீலம்.
எனக்குத் தெரியவில்லை. ஜெயசீலிக்கும்.
அவள் மண்டியிட்டுப் படம் எடுத்தாள்,
மூன்றிலும் அவள் விரல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

'வேலை விவரம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
1850 முதல் 2600 வரை
நெருஞ்சி, நாய்க்கடுகு, கொழுஞ்சி, துத்தி,
பொடுதலை பாய் விரித்தாற்போல்.
2310-இல் நீலம், ஒன்று, பெயர் தெரியாது.
தூர் வாரப்படவில்லை.
கையெழுத்தைக் கீழே போட்டேன்.

எந்திரம் மறுபடி வந்தால் இவை இருக்காது.
வரவேண்டும்.
மதகு வெடிப்புவரை அது எட்டாது என்று
யாரும் கேட்காமலே சொன்னாள் ஜெயசீலி.

திரும்பும்போதுதான் கவனித்தோம்,
சுடிதார் ஓரமெல்லாம் நாயுருவி விதை.
பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நடந்தோம்
வாரிச் சுத்தமாக்கிய மண்ணில்.
எந்தெந்த மீட்டரில் என்று
குறித்துக்கொள்ளவில்லை.